கைக்கு இசைந்த கருவி

வானொலியிலே ஒரு பாட்டைக் கேட்கிறீர்கள். பாடுபவரின் குரல் உங்கள் கருத்தைக் கவர்கிறது. குழலோ வயலினோ இடையிடையே வந்து மகிழ்விக்கிறது. தாளக் கருவிகள் காலை அசையச் செய்கின்றன. பாட்டு முடிந்தபின், எந்தெந்த வாத்தியங்கள் ஒலித்தன என்று எவரேனும் வினவினால் இவற்றையெல்லாம் தடையின்றிச் சொல்லிவிடுவீர்கள். ஆனால், ஒன்றை மட்டும் பெரும்பாலும் மறந்துவிடுவீர்கள். பாட்டின் அடியிலே, வீட்டுக்கு அத்திவாரம் போல, தாழ்ந்த சுரங்களில் நடந்து செல்லும் பேஸ் கிற்றாரே அது. அத்திவாரத்தை எவரும் நின்று வியப்பதில்லை; அதை எடுத்துவிட்டால் வீடு நிற்பதுமில்லை.

இன்று அந்தக் கருவியைப் பற்றியே பேச எண்ணியுள்ளேன். என்னிடமுள்ள ஒரு பேஸ் கிற்றாரையும், அதிலே நான் செய்த மாற்றங்களையும், செய்திருக்கக் கூடாத மாற்றங்களையும், செய்யாது விட்டதொரு மாற்றத்தையும் முன்வைத்துப் பேசுவேன். வாத்தியம் வாசிக்காத நேயர்களுக்கும் இதிலே ஓரளவு பயன் உண்டு என நம்புகிறேன். பிறர் கையாண்ட பொருளொன்று நம் கைக்கு வரும்போது அதனை எவ்வாறு நடத்துவது என்பது எல்லார்க்கும் பொதுவான வினாவன்றோ?

முதலில் கருவியின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவேன். மேனாட்டு இசைக்குழுக்களில் தாழ்ந்த சுரங்களைத் தாங்கிவந்தது டபிள் பேஸ் என்னும் பெரிய வாத்தியம். வயலின் குடும்பத்து மூத்த உறுப்பினன் என்று அதனைச் சொல்லலாம். ஆளுயரத்தை எட்டும் அந்த வாத்தியத்தை ஊரூராகக் கொண்டு செல்வது பெருந்தொல்லை. பித்தளைக் குழல்களும் பறைகளும் முழங்கும் மண்டபத்திலே அதன் ஒலி எடுபடுவதும் அரிது. 1936ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் சியாற்றில் நகரத்தவரான போல் டுட்மார்க் என்பவர், கிற்றாரைப் போலக் கிடையாகப் பிடித்து வாசிக்கத்தக்க மின் பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். அது பரவவில்லை. பின்னர் 1951இல், கலிபோர்னியாவிலுள்ள புலர்ட்டன் நகரில் லியோ பெண்டர் என்பவர் செய்து வெளியிட்ட கருவியே உலகெங்கும் பரவியது. பெண்டர் வானொலிப் பெட்டிகளைத் திருத்தும் கடை நடத்தியவர். தமக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாதெனினும், வாசிப்போர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கத் தெரிந்தவர். தமது கருவிக்கு அவர் இட்ட பெயர் 'பிறிசிஷன் பேஸ்' என்பது. பிறிசிஷன் என்றால் துல்லியம். டபிள் பேஸின் விரற்பலகை வழுவழுப்பானது. சுரத்தானத்தை விரலே தேடிக்கொள்ளவேண்டும். பெண்டரின் கருவியிலோ வீணையிற் போல மெட்டுக்கள் பதிக்கப்பட்டிருந்தன. மெட்டுக்குப் பின்னால் விரலை அழுத்தினால் சுரம் தானே பிசகாது பிறக்கும்.

இக்கருவியில் வழக்கமாக நான்கு தந்திகள் உண்டு. தடித்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அடுத்தது 55 முறையும், மூன்றாவது 73 முறையும், மெல்லிய தந்தி 98 முறையும் அதிர்கின்றன. இங்கே வானொலி நேயர்கள் ஒரு புதுமையைக் கவனிக்கவேண்டும். உங்கள் சிறிய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கி, செக்கனுக்கு 41 அதிர்வுள்ள ஒலியை எழுப்ப வல்லதன்று. எனினும் அந்தச் சுரம் உங்களுக்குக் கேட்கிறது. எப்படி எனின், தந்தி அதிரும்போது 41உடன் அதன் இருமடங்கான 82, மும்மடங்கான 123 முதலிய துணை அதிர்வுகளும் உடன் பிறக்கின்றன. பெட்டி அவற்றை எழுப்புகிறது. அவற்றைக் கேட்ட காது, அவற்றுக்கு அடியில் இருக்கவேண்டிய சுரம் இன்னதென்று தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. பெட்டி தராததைக் காது தருகிறது. இத் துணை அதிர்வுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்த பெரும்பிழை அவற்றோடு தொடர்புடையது.

இனி, கருவியின் நீளத்துக்கு வருவோம். கழுத்தின் நுனியிலுள்ள மேற்கட்டையிலிருந்து உடலின் மேலுள்ள குதிரை வரையில் தந்தி அதிரும் தூரத்தையே கருவியின் தந்தி நீளம் என்கிறோம். பெண்டர் தமது பேஸுக்கு 34 அங்குலத்தைத் தேர்ந்தார். அதுவே இன்றளவும் பெருவழக்கு. இதனை நெடுநீளம் என்பர். 30 அங்குல அளவிலுள்ளவை குறுநீளக் கருவிகள். பீற்றில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி 1961இல் ஹம்பேர்க் நகரில் வாங்கிய, வயலின் வடிவிலமைந்த ஹொஃப்னர் பேஸ் இவ்வகையைச் சேர்ந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே 32 அங்குலக் கருவிகளும் உண்டு. இவற்றை நடுநீளக் கருவிகள் என்போம். இவை அளவிற் குறைவாகவே செய்யப்பட்டன. கடைகளிலும் அரிதாகவே கிடைக்கும். என்னிடமிருப்பது இவ்வகையில் ஒன்று. 1980களில் யப்பானிலே செய்யப்பட்டது.

இரண்டு அங்குலம் குறைந்தால் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். மெட்டுக்களை அமைக்கும் முறை இது: ஒவ்வொரு மெட்டும் எஞ்சியுள்ள தந்தி நீளத்தில் ஏறத்தாழப் பதினெட்டில் ஒரு பங்கைக் கழிக்கிறது. ஆகவே முதலாம் மெட்டுக்கும் நான்காம் மெட்டுக்கும் இடையேயுள்ள தூரம் நெடுநீளக் கருவியில் 130 மில்லிமீற்றர். நடுநீளக் கருவியில் 122 மில்லிமீற்றர். இந்தத் தூரத்தை இடக்கையின் நான்கு விரல்கள் பரந்து எட்டவேண்டும். எட்டு மில்லிமீற்றர் என்பது ஒரு விரலின் அகலத்திற் பாதி. ஒரு தடவை எட்டுவதற்கு அது பெரிதன்று. இரவு முழுவதும் ஆயிரக்கணக்கான தடவை எட்டுவதற்கு அதுவே கையைக் காப்பதாகவும் கெடுப்பதாகவும் அமையும்.

தந்தியின் இழுவையும் மாறுகிறது. ஒரே தந்தியை ஒரே சுரத்துக்குக் கூட்டும்போது, வேண்டிய இழுவை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பது பௌதிக விதி. ஆகவே 34இலிருந்து 32க்கு வந்தால் இழுவை நூற்றுக்கு 11 பங்கு குறைகிறது; 30க்கு வந்தால் 22 பங்கு குறைகிறது. தந்தி விரலுக்கு இளகிக் கொடுக்கும். இதற்கு ஒரு விலையும் உண்டு. தடித்த தந்தி குறுகக் குறுக, அது தந்தியாய் இருப்பதை விட்டுச் சிறிதளவு கோலின் இயல்பைப் பெறுகிறது. அதன் துணை அதிர்வுகள் உரிய இடத்தினின்றும் சற்று உயர்ந்து விலகுகின்றன. ஒலியின் தெளிவு மங்குகிறது. நடுநீளக் கருவி இந்த இரண்டுக்கும் இடையே ஓர் இணக்கம். கைக்கு வேண்டியதிற் பெரும்பகுதியைக் கொடுத்து, காதுக்கு வேண்டியதிற் சிறுபகுதியையே அது இழக்கிறது.

நான் இக்கருவியைத் தேடிப் போனதற்குக் காரணம் ஆராய்ச்சியன்று, வலி. கொழும்பிலே மெல்லிசைக் குழுவொன்றில் பல ஆண்டுகள் நெடுநீளப் பேஸ் வாசித்துவந்தேன். என் கைகள் சிறியவை. இடது மணிக்கட்டிலே முதலில் ஓர் இறுக்கமும், பின்னர் வலியும், அதன்பின் விரல்களில் வலுவின்மையும் தோன்றின. தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போதே கை நடுங்கத் தொடங்கிய பின்னர் வைத்தியரிடம் சென்றேன். அவர் கையைச் சோதித்துவிட்டு, ஆறு மாதத்துக்குக் கருவியைத் தொடவேண்டாம் என்றார். விடைபெறும்போது, "திரும்பவும் அதையே வாசித்தால் திரும்பவும் இங்கேதான் வருவீர்கள்" என்றும் சொன்னார். அந்த ஆறு மாதமும் வானொலியிற் பாட்டுக் கேட்பதே எனக்குத் துன்பமாயிருந்தது. இளையராஜா இசையமைத்த பாட்டுக்களில் பேஸ் கிற்றார் தனக்கென ஒரு பாதை வகுத்துக்கொண்டு செல்லும் இடங்கள் வரும்போது, என் இடக்கை விரல்கள் தாமாகவே மேசைமேல் அசையும். இனி இவ்வளவுதானா என்று எண்ணிப் பெட்டியை நிறுத்திவிடுவேன்.

அக்காலத்திலேதான், காலஞ்சென்ற மூத்த வாத்தியக்காரர் ஒருவரின் வீட்டில் 32 அங்குலப் பேஸ் ஒன்று கிடப்பதாக அறிந்து சென்றேன். அவரது மனைவியார் கட்டிலின் கீழிருந்து பெட்டியை இழுத்துத் திறந்தார். கருவி தூசி படிந்திருந்தது; தந்திகள் கறுத்திருந்தன. மடியில் எடுத்து வைத்து இடக்கையை நீட்டினேன். விரல்கள் நான்கும் நான்கு மெட்டுக்களிலும் வருத்தமின்றிப் போய் அமர்ந்தன. விலையைப் பற்றி நான் அதிகம் பேசவில்லை. அம்மையாரும் பேசவில்லை. வாயிலில் வைத்து ஒன்றே ஒன்று சொன்னார்: "தம்பி, அவர் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்த சாமான். வெட்டிக் கொத்திப் போடாதேயும்." "இல்லை அம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்த அன்றே அந்த வாக்கை மீறத் தொடங்கினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். மீறுகிறேன் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.

கருவியைத் துடைக்கும்போது, குதிரையின் அருகே தந்திகளின் கீழே, இறுகிக் கறுத்துப்போன பஞ்சு போன்ற துண்டொன்று செருகப்பட்டிருக்கக் கண்டேன். ஏதோ அழுக்கென்று எண்ணி, பழைய தந்திகளோடு சேர்த்து அதனையும் குப்பையில் எறிந்தேன். பின்னர் புதிய தந்திகள் வாங்கினேன். நடுநீளத்துக்கென்று செய்த தந்திகள் கிடையாமையால் நெடுநீளத் தந்திகளையே பூட்டினேன். இது முதலாவது பிழை. பேஸ் தந்தியின் நடுவே ஒரு உருக்குக் கம்பியும் அதன்மேல் சுற்றிய உலோக இழையும் உண்டு. பிருடையிலே சுற்றப்படும் நுனிப்பகுதியை மெல்லியதாகச் செய்திருப்பார்கள். நீளம் பொருந்தாத தந்தியைப் பூட்டினால், அந்த மெல்லிய பகுதிக்குப் பதிலாக முழுத் தடிப்புள்ள பகுதியே பிருடையில் வளைந்து சுற்றவேண்டி நேரும். இரண்டு கிழமைகளுக்குள், ஒத்திகையின் நடுவே, தடித்த தந்தி பிருடையருகில் அறுந்தது. அதன் பின்னரே, சற்றுக் காத்திருந்து, அளவுக்கேற்ற தந்திகளை வெளிநாட்டிலிருந்து வருவித்தேன்.

அடுத்து இரைச்சலைக் கவனித்தேன். மின் பேஸ் ஒலியெழுப்பும் விதம் இது: தந்திகளின் கீழே காந்தமும், அதனைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுக்களாக மயிரினும் மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் உள்ளன. இதனைப் பிக்கப் என்பர். உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அசையும் புலம் சுருளிலே மின்னைப் பிறப்பிக்கிறது. 1831இல் மைக்கல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இங்கு வேலை செய்கிறது. ஆனால் சுருளுக்குத் தந்தியின் அதிர்வும் வீட்டு மின்சாரத்தின் அதிர்வும் ஒன்றே. நம் நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 முறை மாறுவது. அந்த 50, பேஸ் கிற்றாரின் சுரங்களிடையே, 49க்கும் 52க்கும் இடையில், எச்சுரத்தோடும் சேராத அயலான் போல வந்து ரீங்காரமிடும். 1957இல் பெண்டர் நிறுவனத்தார் பிறிசிஷன் பேஸின் சுருளை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையிலே சுற்றி, காந்தமுனைகளையும் மாற்றி அமைத்தனர். அதனாலே தந்தியின் ஒலி இரண்டிலும் கூடிற்று. இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. என் கருவியிலுள்ளவை பழைய ஒற்றைச் சுருள்கள்.

வாசிப்போர் இரைச்சலின் காரணத்தை அறிய எளிய சோதனையொன்று உண்டு. கையால் தந்தியைத் தொட்டதும் இரைச்சல் தணிந்தால், தந்திகள் புவித்தொடுப்போடு இணைந்துள்ளன என்பது பொருள். என் கருவியிலே தந்தியைத் தொட்டபோது மாற்றமில்லை. கம்பி செருகும் உலோகத் துளையைத் தொட்டபோது தணிந்தது. ஆகவே குதிரைக்குச் செல்லும் கம்பி எங்கோ அறுந்திருத்தல் வேண்டும். மூடியைக் கழற்றிப் பார்த்தால் அவ்வாறே இருந்தது. அதனை ஈயத்தால் பற்றவைத்தேன். உள்ளறை முழுவதிலும் மெல்லிய செப்புத் தாளை ஒட்டிப் புவித்தொடுப்போடு இணைத்தேன். காந்த வழியாக வரும் ரீங்காரத்தைச் செப்புத் தாள் தடுப்பதில்லை. மின்புல வழியாக வரும் கரகரப்பையே தடுக்கும். பாதி வெற்றிதான், எனினும் அது பயனுள்ள வெற்றி. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை: தந்திகள் புவித்தொடுப்போடு இணைந்திருப்பதால், ஒலிபெருக்கிப் பெட்டியின் மூன்று முனைச் செருகியிலுள்ள புவிமுனையை எக்காரணம் கொண்டும் நீக்குதல் ஆகாது. இரைச்சலை நீக்குவதற்கென்று அதனை வெட்டிவிடுவோர் உளர். அது உயிரோடு விளையாடுவதாகும்.

இவ்வளவும் செய்தபின் கருவி அமைதியாயிற்று. கழுத்தினுள் புதைந்துள்ள உருக்குக் கம்பியைக் காற்சுற்றுக் காற்சுற்றாக முறுக்கி வளைவைச் சரிசெய்ததும் தந்திகளின் உயரமும் கைக்கு இசைந்தது. கொழும்பின் ஈரக்காற்றில் மரம் நீர் உறிஞ்சி அசையும். மழைக்காலம் மாறும்போதெல்லாம் இதனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் குழுவோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்கியதும் குறையொன்று வெளிப்பட்டது. ஒவ்வொரு சுரமும் மணியடித்தாற்போல் நீண்டு ஒலித்தது. முந்திய சுரம் ஓயுமுன் அடுத்தது வந்து மோதியது. எங்கள் பாடகர், "அண்ணை, நீங்கள் வாசிக்கிறது எனக்குக் கால் வைக்க இடமில்லாமல் இருக்கு" என்றார்.

குறை பிக்கப்பில் உள்ளது என்று எண்ணினேன். வலிய காந்தமும் மிகுந்த சுற்றுக்களும் உள்ள புதியதொன்றை வாங்கிப் பொருத்தினேன். ஒலி உரத்தது, அழகு குறைந்தது. காந்தத்தின் வலிமை தந்தியையே பிடித்திழுத்து, மேல் மெட்டுக்களில் சுரத்தைத் தள்ளாடச் செய்தது. பின்னர், ஒலிநிறத்தைக் கட்டுப்படுத்தும் திருகியிலே 0.047 மைக்குரோபரட் கொள்ளளவியை எடுத்துவிட்டு அதனிலும் பெரியதொன்றை வைத்தேன். ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆயிற்று. சுரங்கள் நீண்டு மோதுவது மட்டும் நிற்கவில்லை. பணமும் போயிற்று, நாலு மாதமும் போயிற்று. நான் செய்த நற்செயல் ஒன்றே: கழற்றிய பழைய பாகங்களை ஒரு பிஸ்கற் தகரத்திலிட்டு, எது எங்கிருந்தது என்று எழுதி வைத்திருந்தேன்.

அந்நாளில் ஒரு கோயிற் திருவிழாவில் அம்மையாரைக் கண்டேன். கருவியைப் பற்றி விசாரித்தார். ஒலி பிடிபடவில்லை என்றேன். அவர் சற்று யோசித்து, "அந்தச் செருப்புத் துண்டு இருக்குதோ?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. "குதிரைக்குப் பக்கத்தில் வைத்திருப்பார், தம்பி. பழைய இறப்பர்ச் செருப்பின் அடியை வெட்டி வெட்டிப் பார்த்து, மூன்று மாதமாய்ச் செய்தவர். வீட்டில் ஒரு சோடிச் செருப்பு மிஞ்சவில்லை" என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அழுக்கென்று நான் எறிந்தது, அக்கருவியில் அவர் செய்த மாற்றங்களுள் தலையாயது. குதிரையருகே தந்தியை மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கும் மென்பொருள், மேலான துணை அதிர்வுகளை விரைவில் அடக்கிவிடுகிறது. சுரத்தின் வாலைக் குறுக்குகிறது. அடிச்சுரம் திரண்டு ஒலித்து, அடுத்ததற்கு இடம் விட்டு ஓய்கிறது. இது அவர் ஒருவரே கண்டதுமன்று. பெண்டரின் பழைய பேஸ்களில் குதிரையை மூடிய உலோக மூடியினுள் இதற்கெனவே நுரைப்பஞ்சு வைக்கப்பட்டிருந்தது. டிற்றொயிற் நகரத்து மோட்டவுன் நிறுவனத்தின் இசைத்தட்டுக்கள் பலவற்றில் பேஸ் வாசித்துப் புகழ்பெற்று 1983இல் மறைந்த ஜேம்ஸ் ஜேமர்சன், தமது 1962ஆம் ஆண்டுக் கருவியில் அந்தப் பஞ்சை அகற்றியதில்லை. தந்திகளையும் மாற்ற விரும்பாதவர் அவர். புதுத் தந்தியும் திறந்த குதிரையும் பளபளக்கும் ஒலியைத் தரும். அவர் நாடியது அதுவன்று.

வீட்டுக்கு வந்து பிஸ்கற் தகரத்தைத் திறந்தேன். பழைய பிக்கப்பையும் பழைய கொள்ளளவியையும் இருந்த இடத்திலே மீண்டும் பொருத்தினேன். பின்னர் பழைய செருப்பொன்றை எடுத்து வெட்டத் தொடங்கினேன். தடிப்பு ஒரு மில்லிமீற்றர் மிகுந்தால் தந்தி ஊமையாயிற்று. குறைந்தால் பழையபடி மணியோசை எழுந்தது. குதிரையிலிருந்து சற்று விலக்கினால் சுரமே பிசகிற்று. மூன்று மாதம் ஏன் பிடித்தது என்பது எனக்கு மூன்றாம் நாளே விளங்கிவிட்டது. ஆறாவது துண்டு பொருந்தியது. அன்றைய ஒத்திகையில் பாடகர் ஒன்றும் சொல்லவில்லை. முதற் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை தடையின்றிப் பாடினார். எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

இனி, செய்யாது விட்ட மாற்றத்தைச் சொல்லி முடிக்கிறேன். மெட்டுக்கள் தேய்ந்திருந்தன. அவற்றைச் சீர்செய்ய வேண்டும். அல்லது முழுவதும் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்குவதற்குச் சிறந்த முன்னோடிகள் உண்டு. பின்னாளில் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவிற் சேர்ந்த பில் வைமன், 1961இல், பழைய பேஸொன்றின் மெட்டுக்களைப் புதியவை பதிக்கும் நோக்கோடு பிடுங்கினார். மெட்டின்றிப் பிறந்த ஒலி பிடித்துப்போகவே அப்படியே விட்டுவிட்டார். ஜாக்கோ பஸ்தோரியஸ் என்னும் பெருங்கலைஞர், மெட்டுக்கள் நீங்கிய தமது கருவியின் வடுக்களை மரப்பசையால் நிரப்பி, படகுகளுக்குப் பூசும் பிசினை விரற்பலகையின்மேல் பூசினார். மெட்டில்லாப் பேஸ் பாடும். கோட்டுவாத்தியம் போலச் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும். கமகத்தோடு வளர்ந்த நம் காதுக்கு அதனிடம் ஆசை எழுவது இயல்பே. எனக்கும் எழுந்தது. குறடைக் கையில் எடுத்தும் விட்டேன்.

நிறுத்தியது அச்சமன்று. செருப்புத் துண்டை எறிந்த கை அதே கை என்ற நினைவே. பிக்கப்பை மாற்றினேன், மீட்டுக்கொண்டேன். தந்தியை மாற்றினேன், மீட்டுக்கொண்டேன். ஆனால் எறிந்த துண்டு மீளவில்லை. அதனைப் போன்ற வேறொன்றையே செய்துகொண்டேன். வீணையின் மெட்டுக்கள் மெழுகிற் பதித்தவை; எடுத்து மீண்டும் பதிப்பதற்கு முறை தெரிந்த கைவினைஞர் இருக்கின்றனர். கிற்றாரின் மெட்டோ மரத்தை அறுத்த பிளவிலே அடித்து இறக்கப்பட்டது. பிடுங்கும்போது விரற்பலகை சிதறலாம். அதன்பின் பழைய நிலை என்பது சொல்லளவிலேயே இருக்கும். ஆகவே குறடை வைத்துவிட்டு, தொழில் தெரிந்த ஒருவரைக் கொண்டு மெட்டுக்களை அராவிச் சமன்செய்வித்தேன். மெட்டில்லாப் பேஸ் வேண்டுமானால், அவ்வாறே செய்யப்பட்ட வேறொரு கருவியை என்றேனும் வாங்கிக்கொள்ளலாம்.

நேயர்களே, கருவியை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கைக்கு ஒவ்வாத கருவி கையைக் கெடுக்கும். அதனை அனுபவத்தால் அறிந்தவன் நான். மாற்றுங்கள். ஆனால் ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுங்கள். மாற்றியபின் சில நாள் வாசித்துப் பாருங்கள். கழற்றியதை எறியாது வையுங்கள். மீட்க முடியாத மாற்றத்தை எல்லாவற்றுக்கும் பின்னால் வையுங்கள். இவற்றுக்கெல்லாம் முன்பாக, முன்னே வைத்திருந்தவர் என்ன செய்திருக்கிறார், ஏன் செய்திருக்கிறார் என்று கேட்டறியுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும் காலம் நீண்டதன்று.

என் மணிக்கட்டு இப்போது நலமாயிருக்கிறது. கிழமைக்கு மூன்று நாள் வாசிக்கிறேன். சென்ற மாதம் எங்கள் நிகழ்ச்சியொன்றுக்கு அம்மையார் வந்து பின்வரிசையில் இருந்தார். நிகழ்ச்சி முடிந்தபின் மேடையருகே வந்து, குதிரையின் பக்கமாகக் குனிந்து பார்த்தார். "இது நீல நிறச் செருப்பு, அவர் வைத்தது வெள்ளை" என்றார். பிறகு, "சத்தம் அதேதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.